எவாரிஸ்தோ நிறுத்திய மேடை

எவாரிஸ்தோவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுநர் உரிமத்துக்குப் போனபோதெல்லாம் தோற்றுத்தான் வந்தான். கடைசித் தடவை, பக்கத்தில் உட்கார்ந்து சோதித்த அதிகாரி பாதி வழியில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார் என்று எங்கள் திரியானாப் பேட்டைக் கடைத்தெருவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அப்பேர்ப்பட்டவன் கையில்தான் எங்கள் அரங்கத்தின் மேடை வண்டியைக் கொடுத்து வைத்திருக்கிறோம். அதற்கு ஜன்னல் கிடையாது. மேலே ஆட்கள் நின்று பாடுவார்கள், ஆடுவார்கள். இவன் அடியில் இருட்டுக்குள் குந்திக்கொண்டு ஓட்டுவான். இதுவரை ஒருத்தர் கால் விரலைக்கூட நசுக்கியதில்லை.

மேடை வண்டிதானே என்று லேசாக நினைத்துவிடாதீர்கள். அடியில் எட்டுச் சக்கரம், ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். நேராகப் போகும், நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும், நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். நிறுத்தினால் நாலு இரும்புக் காலை ஊன்றித் தரையோடு உட்காரும். கிளப்பினால் ஒரு சாண் எழும்பிக்கொள்ளும். எவாரிஸ்தோ அதை ஓட்ட வந்த புதிதில் கதாநாயகி லுதிவீனாவை மேலே ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான் பாருங்கள், இறங்கி வந்தவள் தலை கிறுகிறுத்து, இயக்குநர் என்று நினைத்து ஒரு தூணோடு வெகுநேரம் சண்டை போட்டாள். தூணும் இயக்குநர் மாதிரியே பதில் பேசாமல் நின்றது.

நான் பத்ரோ. மேடையோரம் நின்றுகொண்டு, தலையில் மாட்டிய மைக்கில் ‘இப்போ போ, இப்போ நில்’ என்று எல்லாருக்கும் உத்தரவு போடுகிற வேலை எனக்கு. எனக்கு வாய் நீளம் என்பார்கள். அரங்கமே அந்த வாயில்தான் ஓடுகிறது, நீளமாக இருந்தால்தான் என்ன?

முதலில் அந்த வண்டிக்கு ஒரு பஸ் டிரைவரைத்தான் வைத்தோம். முழங்காலுக்கு நடுவில் லீவர், கண்ணுக்கு முன்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை, அதில் தரையில் ஒட்டிய வெள்ளைக் கோடு மட்டும் தெரியும். மற்றதற்கெல்லாம் காதில் என் குரல்தான். அந்த மனுஷன் ஒரு ஒத்திகைகூடத் தாங்கவில்லை. வியர்த்து விறுவிறுத்து வெளியே தவழ்ந்து வந்து, அம்மாவுக்குப் போன் போட்டார்.

எவாரிஸ்தோவுக்கோ அது தாய்வீடு. பாதி ஆயுளைச் சப்பரத்துக்கு அடியில் கழித்தவன் அவன். ஈஸ்டருக்கு முந்தின வாரம் எங்கள் செவில்யாவில் மாதாவின் சப்பரங்கள் தெருத்தெருவாக வரும். தூக்குகிறவர்கள் திரைக்குள்ளே, பிடரியில் பாரத்தை வாங்கிக்கொண்டு நடப்பார்கள். ஒன்றும் தெரியாது. வெளியே முன்னால் நடக்கிற தலைவன் குரல்தான் கண். அவன் இரும்பு வளையத்தால் மூன்று தட்டுத் தட்டினால் அத்தனை பேரும் ஒரே துள்ளலில் சப்பரத்தை எழுப்ப வேண்டும். வழியில் யாராவது பால்கனியில் நின்று மாதாவைப் பார்த்து ஒற்றைக் குரலில் பாட ஆரம்பித்தால் சப்பரம் நின்றாக வேண்டும். பாட்டு முடிகிறவரை நகரக்கூடாது. எங்கள் ஊரில் இதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. பால் குடிக்கச் சொல்லித் தருகிறோமா என்ன?

எவாரிஸ்தோவுக்குப் பிடரி எலும்பு தேய்ந்து, இனிமேல் தூக்கினால் ஆயுளுக்கும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழந்தை மாதிரி அழுதான். அப்புறம் எங்கள் வண்டியைப் பார்த்தான். “இங்கயும் துணிக்குள்ளதானே அக்கா? அப்ப சரி” என்று சொல்லி உள்ளே புகுந்தவன்தான்.

சந்தோஷமாகத்தான் இருந்தான், சலூத் விஷயம் ஒன்றைத் தவிர.

சலூத் எங்கள் அரங்கத்தில் உடைகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நாற்பதைத் தாண்டியும் நிமிர்ந்த நடை, சுடச்சுடப் பேச்சு. அவள் இஸ்திரி போட்ட கவுனின் மடிப்பில் விரல் அறுபடும் என்பார்கள். எல்லார் சட்டையையும் தேய்ப்பாள், எவாரிஸ்தோவின் சட்டையைத் தொடமாட்டாள். அவனும் வீம்புக்காரன், வேறு யாரிடமும் கொடுக்கமாட்டான். கசங்கிய சட்டையோடே நாலு வருஷமாகத் திரிந்தான்.

காரணத்தைச் சொல்கிறேன். சலூத் சின்னப் பெண்ணாக இருந்தபோது, தன் சித்தி வீட்டுப் பால்கனியிலிருந்து பாடுவதற்காக அந்த நோன்புக் காலம் முழுக்கப் பயிற்சி செய்தாள். சப்பரம் வந்தது. வாயைத் திறந்து முதல் வரியைப் பாடினாள். மழை தூற ஆரம்பித்தது. மாதாவின் பட்டு நனைந்துவிடும் என்று தலைவன் பதறி, நிற்காதே, ஓடு என்று கத்தினான். சப்பரம் ஓட்டமும் நடையுமாகத் தெருமுனையில் திரும்பிவிட்டது. சலூத் வெறும் தெருவைப் பார்த்து நின்றாள். கீழே நின்ற கூட்டம் சிரித்தது. அன்றைக்கு மூடிய வாய்தான், அப்புறம் யாருக்கு முன்னாலும் அவள் பாடவில்லை.

அந்தச் சப்பரத்துக்கு அடியில் எவாரிஸ்தோ இருந்தான். இது யாருக்கும் தெரியாது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் இல்லையா? சுர்ரோப் பலகாரக் கடையில் அவளுக்குச் சூடான சாக்லெட் வாங்கிக் கொடுத்து, என்னைக் கட்டிக்கிறியா என்று கேட்டவன், அதே மூச்சில் அதையும் சொல்லித் தொலைத்தான். உன் குரலைக் கேட்டேன், காலெல்லாம் நிற்கத் துடித்தது, முப்பத்தைந்து பேரில் நான் ஒருத்தன் மட்டும் எப்படி நிற்பேன் என்று.

“கேட்டுட்டும் போனியா?” என்றாளாம் சலூத். சாக்லெட்டை அவன் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அரங்கமே அந்தப் பதிலுக்காகக் காத்துக்கிடந்தது. ஒப்பனை அறையில் பந்தயம்கூடக் கட்டினார்கள்.

இந்த நிலையில்தான் வடக்கேயிருந்து கொன்ராதோ என்ற இயக்குநர் புது நாடகத்தோடு வந்து சேர்ந்தார். கெட்டவர் இல்லை. இசையை மில்லிமீட்டரில் அளக்கிற ஆள், அவ்வளவுதான். கதை என்ன என்று என்னைக் கேட்காதீர்கள், எழுதியவருக்கே சந்தேகம். கடைசிக் காட்சியில், சப்பரம் மாதிரியே மெழுகுவர்த்தியும் பூவுமாக ஜோடித்த எங்கள் மேடை வண்டியில் மணப்பெண்ணாக லுதிவீனா வருவாள். மேல்மாடத்திலிருந்து ஒரு பாடகி பாடுவாள். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு வந்து, பாட்டு முடிகிற நொடியில் நடுவிளக்கின் அடியில் சேர வேண்டும்.

முதல் ஒத்திகை. பாடகி வாயைத் திறந்தாள். வண்டி நின்று, காலை ஊன்றி உட்கார்ந்துவிட்டது.

மோட்டார் கோளாறு என்றுதான் எல்லாரும் ஓடினோம். கோளாறு ஒன்றுமில்லை. பாடும்போது எப்படி நகர்வது என்று உள்ளேயிருந்து ஒரு பரிதாபக் குரல் வந்தது. இரண்டாவது ஒத்திகையிலும் இதே கூத்து. மூன்றாவதில், கண்டிப்பாக நிற்கமாட்டேன் என்று மாதாமேல் சத்தியம் பண்ணிவிட்டு நின்றான். பாட்டைக் கேட்டதும் கை தானாக லீவரை விட்டுவிடுகிறது என்றான். கொன்ராதோ தன் தொப்பியைத் தானே மிதித்தார். இன்னொரு தடவை நின்றால் நீ வெளியே, வண்டியைக் கம்ப்யூட்டர் ஓட்டும் என்று சொல்லிவிட்டார். எவாரிஸ்தோவின் முகம் செத்துப்போயிற்று. சப்பரமும் போய், சலூத்தும் வாய் திறக்காமல் இருக்கையில், அந்த இருட்டுப் பெட்டிதான் அவனுக்கு மிச்சம்.

வழி கண்டுபிடித்தவள் நான்தான். காதுக்குள் பஞ்சு, அதற்கு மேல் தடித்த ஹெட்போன். நான் பொத்தானை அழுத்திப் பேசினால் என் குரல் மட்டும் கேட்கும், மற்றபடி உலகமே செவிடு. வேலை செய்தது. வண்டி வெண்ணெயில் கத்தி மாதிரி போயிற்று. கொன்ராதோ என் நெற்றியில் முத்தமிட்டார்.

அரங்கேற்ற நாள் மாலை. அப்போதுதான் பாடகி வந்தாள், வந்து வாயைத் திறந்தாள், தகர டப்பாவைத் தரையில் இழுக்கிற சத்தம் வந்தது. சப்பர வாரம் முழுக்கத் தெருத்தெருவாகப் பாடித் தொண்டையைத் தொலைத்திருக்கிறாள். கொன்ராதோ அப்படியே ஒரு முரசின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

நான் நேரே இஸ்திரி அறைக்கு ஓடினேன். சலூத் யாருக்கு முன்னாலும் பாடுவதில்லைதான். ஆனால் நீராவி இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு அவள் தினமும் பாடுவது எனக்குத் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனை நாள் கண்ணைத் துடைத்திருக்கிறேன்! விஷயத்தைச் சொன்னேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“அந்த வண்டி நிக்காது, இல்ல?”

“நிக்கக்கூடாதுடி. நின்னா அவன் வேலை போயிடும்.”

“அப்ப, என்னை விட்டுட்டுப் போற சப்பரத்துக்கு மறுபடியும் பாடச் சொல்றே.”

சலூத் லுதிவீனாவின் மணப்பெண் கவுனின் மடிப்பைத் தடவினாள்.

“மூணு நாளா இதுக்கு மடிப்புப் பிடிச்சிருக்கேன் பத்ரோ. இது ஊமைப்படம் மாதிரி மேடைக்குப் போறதுக்கு நான் விடமாட்டேன். எங்க நிக்கணும், சொல்லு.”

எவாரிஸ்தோ அதற்குள் பெட்டிக்குள் போய்விட்டான். பாடப்போவது யார் என்று அவனுக்குத் தெரியாது.

கடைசிக் காட்சி. விளக்கு அணைந்தது. எட்டுச் சக்கரமும் சத்தமில்லாமல் உருள, லுதிவீனா மெழுகுவர்த்திகளுக்கு நடுவே மிதந்து வந்தாள். எனக்கு நேர் மேலே மேல்மாடத்தில், வேலை செய்கிற கறுப்பு அங்கியோடு சலூத் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாடினாள். அதே முதல் வரி. என்னத்தைச் சொல்ல! வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. முன் வரிசையில் ஒரு தடித்த மனுஷர் தன்னை அறியாமல் எழுந்து நின்றார்.

வண்டி போய்க்கொண்டே இருந்தது. வெண்ணெயில் கத்தி மாதிரி.

சலூத்தின் கண்ணைப் பார்த்தேன். அவள் அந்த வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு பாடினாள். போதுமடா சாமி என்று ஆகிவிட்டது எனக்கு. கம்ப்யூட்டராவது, மில்லிமீட்டராவது! மைக்கைத் தலையிலிருந்து பிடுங்கி, கையை உயர்த்தி மேல்மாடத்தைப் பார்த்துப் பிடித்து, பொத்தானை அழுத்தினேன்.

வண்டி நின்றது. காலை ஊன்றி உட்கார்ந்தது. நடுவிளக்கு அங்கே தனியாகத் தரையை வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது, லுதிவீனா இங்கே அரையிருட்டில் ஒரு மெழுகுவர்த்திக் கம்பத்தைப் பிடித்துத் தள்ளாடினாள். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கொன்ராதோ கையை ஆட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்து, நகரச் சொல் என்று வாயை அசைத்தார். சொல்கிறேன் சார் என்று நானும் வாயை அசைத்தேன். சொல்லவில்லை.

தோளில் தொங்கிய என் ஹெட்போனிலிருந்து மெல்லிய குரல் வந்தது. “அக்கா… அது அவதானே?”

மைக்கைக் கீழே இறக்கவே இல்லை நான். அவன் கேட்கட்டும்.

சலூத் நின்றுகொண்டிருக்கிற வண்டியைப் பார்த்தாள். குரல் ஒரு கணம் ஆடியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. அத்தனை வருஷமாகத் தொண்டையில் நின்ற மிச்சத்தையும் பாடி முடித்தாள். நான் மைக்கை வாய்க்குக் கொண்டு வந்து, மோதிரத்தால் அதன்மேல் மூன்று தட்டுத் தட்டினேன்.

அடேயப்பா! அந்த வண்டி அப்படித் துள்ளும் என்று செய்தவனுக்கே தெரிந்திருக்காது. ஒரே எழும்பலில் மெழுகுவர்த்தியெல்லாம் கலகலத்தது, லுதிவீனா வீறிட்டாள், கூட்டம் தெருவில் கத்துகிற மாதிரியே கத்தியது. நடுவிளக்குக்குத்தான் போவான் என்று பார்த்தால், வெள்ளைக் கோட்டை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் நண்டு மாதிரி வருகிறான், ஒத்திகையில் பாட்டு வந்த திசையை நினைவில் வைத்து, மேல்மாடத்தைப் பார்த்து! லுதிவீனா தொழில் தெரிந்தவள். பத்து நாள் ஒத்திகை பார்த்தவள் போல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

சலூத்துக்கு நேர் கீழே வண்டி நின்றது. முன்பக்கத்துச் சின்னக் கதவு திறந்தது. பூவைத் தள்ளிக்கொண்டு ஒரு சிவந்த மொட்டைத் தலை வெளியே வந்தது. இத்தனை வருஷத்தில் எவாரிஸ்தோவின் முகத்தை மேடையில் யாரும் பார்த்ததில்லை. ஒரு காதில் பஞ்சு தொங்கியது.

“சலூத்,” என்றான். “இந்தத் தடவை முப்பத்தஞ்சு பேர் இல்ல. நான் ஒருத்தன்தான். நின்னுட்டேன்.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. கொன்ராதோ மறுபடியும் தன் தொப்பியை மிதித்தார். அன்றிரவே அவனை வேலையை விட்டு நீக்கினார், மறுநாள் அந்த பஸ் டிரைவரைக் கூப்பிட்டார். அவர் வண்டியைத் தூரத்தில் பார்த்ததுமே திரும்பிவிட்டார். கம்ப்யூட்டர் வருகிறவரை என்று சொல்லி எவாரிஸ்தோவையே மறுபடி ஏற்றினார்கள். அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் வந்தபாடில்லை.

அதெல்லாம் அப்புறம். அப்போது அரங்கமே அண்ணாந்து மேல்மாடத்தைப் பார்த்தது. சலூத் கம்பிக்கு மேல் குனிந்து, அவனை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தாள்.

“அந்தச் சட்டையைக் கழட்டி மேல எறி,” என்றாள். “இந்தக் கோலத்துலயா கல்யாணத்துக்கு வருவே?”

அந்த இடத்திலேயே கழட்டினான், வெட்கம் கெட்டவன். எறிந்தான். சட்டை பாதி தூரம்தான் போயிற்று, மெழுகுவர்த்திக் கம்பத்தில் மாட்டிக்கொண்டது. மணப்பெண் கவுனில் நின்ற லுதிவீனாதான் அதை எடுத்து, பந்தாகச் சுருட்டி, மேலே வீசினாள். சலூத் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டாள்.