சர்வர் அக்கா

கைப்பை இன்னும் தோளில்தான் இருக்கிறது. அதைக் கழற்றி வைக்கும் முன்பே, பூட்டிய கதவில் இடது காதை ஒட்டிக்கொண்டு நிற்கிறார் அக்கா. உள்ளிருந்து ஓயாத ஓர் இரைச்சல் வருகிறது. அந்த வழியாகப் போகிற நர்சுகளுக்கு அது வெறும் இரைச்சல். அவருக்கோ எந்த விசிறி ஒழுங்காகச் சுற்றுகிறது, எது முனகுகிறது என்பதெல்லாம் தனித்தனியாகக் கேட்கும். "கீழ்த்தட்டுல ஒருத்தன் நேத்துலேர்ந்து இருமுறான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாவியைப் போடுகிறார்.

அது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மேல்மாடி. நோயாளிகளின் விவரம், ரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் படம் எல்லாம் அந்த ஜன்னலில்லாத அறையில் அடுக்கிவைத்த பெரிய கம்ப்யூட்டர்களுக்குள்தான் இருக்கின்றன. அவற்றுக்கு சர்வர் என்று பெயர். அவற்றைக் கவனித்துக்கொள்வதால் இவர் எல்லாருக்கும் சர்வர் அக்கா.

அந்தப் பெயரால் கல்யாணப் பேச்சின்போதே ஒரு கூத்து நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பேக்கரி நடத்துகிறவர்கள். "பொண்ணு சர்வருங்களைப் பாத்துக்குது" என்று யாரோ சொன்னதும் வருங்கால மாமியாரின் முகம் மலர்ந்துவிட்டது. "அத்தனை சர்வரையும் ஒத்தை ஆளா மேய்க்கிறியாம்மா?"

"ஆமாங்க. சூடாயிடாம பாத்துக்கணும், அதான் முக்கியமான வேலை."

"அதைச் சொல்லு! எங்க கடையிலயும் ஒருத்தன் இருக்கான். ஒரு வார்த்தை சொன்னா போதும், சூடாயிடுவான்."

கல்யாணம் முடிந்து மருமகள் வேலைக்குக் கிளம்பிய அன்றுதான் உண்மை தெரிந்தது. மாமியார் ஏமாந்துபோனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "ஆஸ்பத்திரி கேன்டீன்ல பெரிய பொறுப்புல இருக்கா" என்றுதான் அக்கம்பக்கத்தில் இன்றுவரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அக்காவுக்கு நடுவயது. நடையில் ஓட்டம், பேச்சில் அதட்டல், பையில் எப்போதும் ஒரு மேக்கப் பிரஷ். தன் முகத்தில் அதை ஒருநாளும் வைத்ததில்லை. கம்ப்யூட்டர் விசிறிகளில் படிந்த தூசியைத் தட்டத்தான் அது. டாக்டர்களின் அறைகளுக்குள் திடுதிப்பென்று நுழைந்து, சுவரோடு ஒட்டி வைத்த கம்ப்யூட்டர் பெட்டியைக் காற்றோட்டத்துக்காக முன்னால் இழுத்துப்போடுவார். மேலே அடுக்கிய ஃபைல்களைத் தூக்கி டாக்டரின் மடியிலேயே வைத்துவிடுவார். எலும்பு டாக்டர் ஒருமுறை, தூசி படக்கூடாதே என்று ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்குத் துணி உறை போட்டு வைத்திருந்தார். அக்கா அதை உருவி எடுத்தார். "ஏன் சார், காய்ச்சல்ல கெடக்கிறவனுக்கு மூணு கம்பளி போத்துவீங்களா?" டாக்டர் சிரித்துக்கொண்டே உறையை மடித்து மேசைக்குள் வைத்தார்.

சர்வர் அறையில் அடுக்குகளின் முன்பக்கம் குளிர்ந்த காற்று போகவேண்டும், பின்பக்கம் சூடு வெளியேறவேண்டும். நடுவில் எங்காவது இடைவெளி தெரிந்தால் உடனே தகட்டால் அடைத்துவிடுவார். "தான் விட்ட மூச்சையே தான் திருப்பி இழுத்தா யாருக்குத்தான் மயக்கம் வராது?" என்பார். வெயில் காலத்தில் அந்த அறைக்கு விருந்தாளிகள் ஜாஸ்தி. கணக்குப் பிரிவுக்காரர் ஏதாவது ஒரு சாக்கோடு வந்து ஏசிக்கு நேராக நிற்பார். அக்கா கதவைக் காட்டுவார். "உங்க உடம்புச் சூட்டையும் சேத்து நான் எறக்கணுமா? நடையைக் கட்டுங்க."

வீட்டில் நிலைமை நேர்மாறு. கணவர் பகல் முழுக்க அடுப்பு வெக்கையில் வெந்து வருபவர். இவர் குளிரில் விறைத்து வருபவர். அவருக்கு மின்விசிறி முழு வேகத்தில் ஓடவேண்டும், இவருக்கு அதை நிறுத்தவேண்டும். இருவரும் மாறி மாறிச் சுவிட்சைத் திருகித் திருகி அதன் குமிழே கையோடு வந்துவிட்டது. பெரும்பாலும் இந்தச் சண்டை சிரிப்பில்தான் முடியும்.

போன கோடையில் ஒருநாள் அப்படி முடியவில்லை. காலையில் கிளம்பும்போது அவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார்: "உனக்கு அந்த மெஷினுங்கதான் முக்கியம். அதுங்க கொஞ்சம் சூடானா பதறுறே. நான் இங்க ஆவியாப் போறேன், ஏன்னு கேக்க ஆளில்லை."

"அதுங்க என்கிட்ட வாயாடுறதில்ல" என்றார் இவர்.

அவர் சாப்பிடாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா அன்று கதவில் காதை வைத்தபோதுகூட மனசு அதில் இல்லை.

உச்சி வெயில் நேரத்தில் சர்வர் அறையின் ஏசி ஒரு உதறல் உதறி நின்றது. மாற்று ஏசி ஏற்கெனவே பழுதுபார்க்கப் போயிருந்தது. ஜன்னலில்லாத அறையில் சூடு எப்படி ஏறும் என்று அவருக்குத் தெரியும். ஓர் அளவைத் தாண்டினால் கம்ப்யூட்டர்கள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே அணைந்துவிடும். மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "வந்துட்டே இருக்கேன், ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கேன்" என்றார் மெக்கானிக். வைத்த கையோடு அறுவை அரங்கிலிருந்து போன் வந்தது. முதுகுத்தண்டில் ஒருவருக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. டாக்டர் ஸ்கேன் படத்தைத் திரையில் பார்த்துப் பார்த்துத்தான் கத்தியை வைக்கிறார். "படம் வர்றதுக்கு நேரமாகுது அக்கா, போயிடாதுல்ல?"

"போகாது. நீங்க வேலையைப் பாருங்க" என்றார்.

முதலில் தேவையில்லாதவற்றை ஒவ்வொன்றாக அணைத்தார். வருகைப் பதிவு இயந்திரத்துக்கான சர்வர் நின்றதும் மாடி முழுக்க ஒரு மெல்லிய ஆரவாரம் எழுந்தது. மெயில் போயிற்று, வரவேற்பறை டிவிக்களின் விளம்பரம் போயிற்று. படங்கள் இருக்கும் சர்வர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. உதவிக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் முகத்துக்கு நேரே வைத்தார்கள். காவலாளி ஒரு வாளி நிறைய ஐஸ் கொண்டுவந்தார்.

"அண்ணே, தண்ணியைக் கரண்டுகிட்ட கொண்டு வர்றீங்களே, நானும் இங்கயே அட்மிட் ஆகவா?" என்று வாளியைத் திருப்பி அனுப்பினார் அக்கா. "இருக்கிற சூட்டையே சுத்திச் சுத்தி அடிச்சா குளிர்ந்துடுமா? எதிர்ல மீட்டிங் ரூம்ல ஏசி ஓடுது, அதைத் தொறங்க. அந்தக் காத்து கீழால உள்ள வரணும். இங்க இருக்கிற வெக்கை மேலால மாடிப்படி ஜன்னலுக்குப் போகணும்."

உள்ளே தள்ள மேசை விசிறிகள் போதும். வெளியே இழுக்க அவற்றுக்குத் திராணியில்லை. அதற்கு ஒரு ராட்சச விசிறி வேண்டும். அப்படி ஒன்று எங்கே இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். பேக்கரியில், அடுப்புகளுக்குப் பின்னால், சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தில். கையில் போனை வைத்துக்கொண்டு ஒரு கணம் தயங்கினார். பிறகு அழுத்தினார்.

"என்ன?" அந்தப் பக்கக் குரலில் காலைச் சண்டை இன்னும் இருந்தது.

"உங்க பெரிய ஃபேன் வேணும். ஏசி நின்னுபோச்சு. உள்ள ஒருத்தருக்கு ஆபரேஷன் நடக்குது."

"எந்த வாசல்?"

"பின்வாசல். லிஃப்டைப் பிடிச்சு வைக்கச் சொல்றேன்."

ரொட்டி வண்டியில் ரொட்டிக்குப் பதில் விசிறி வந்தது. முழங்கை வரை மாவோடு, காதில் மாவோடு, அதைத் தள்ளிக்கொண்டு வந்தார் கணவர். சர்வர் அறை வாசலில் வந்ததும் நின்றார். "நான் உள்ள வரல. மேலெல்லாம் மாவு. தூசி ஆகாதுல்ல?" அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷமாகத் தான் புலம்பியதெல்லாம் அந்தக் காதில் ஏறித்தான் இருக்கிறது!

வாசலின் மேல்பாதிக்கு நேராக வரும்படி விசிறியை மேசைமேல் ஏற்றினார்கள். கணக்குப் பிரிவுக்காரரும் காவலாளியும் ஒரு பக்கம், கணவர் மறுபக்கம் பிடித்துக்கொண்டார்கள். ஓடவிட்டதும் நடைபாதையில் இருந்த காகிதமெல்லாம் மாடிப்படிப் பக்கம் பறந்தது. கணக்குப் பிரிவுக்காரரின் தலைமுடி ஒருபக்கமாக எழுந்து நின்றது. வெக்கை முழுக்க அவர்கள் மூவர் மேல்தான். "இதுல பாதி வெக்கைதான் எங்க அடுப்புல" என்றார் கணவர், வேர்த்து ஒழுகிக்கொண்டே.

திரையில் சூட்டைக் காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா. ஏறிக்கொண்டிருந்தது நின்றது. நின்றது அசையாமல் நின்றது. பிறகு மனமில்லாமல் ஒரு படி இறங்கியது.

"எறங்குது!" என்று கத்தினார். யாரும் கையை எடுக்கவில்லை.

அவர்கள் அப்படியே நின்றிருக்கையில் அறுவை அரங்கிலிருந்து மறுபடியும் போன். "முடிஞ்சுது அக்கா. தையல் போட்டுட்டு இருக்காங்க. கால் விரலை அசைக்கிறாரான்னு மயக்கம் தெளிஞ்சதும் பாக்கணும்." மெக்கானிக் வந்து மொட்டை மாடியில் கருகிப்போன ஒரு பாகத்தை மாற்றி ஏசியை எழுப்பிவிட்ட நேரத்தில் அந்தச் சேதியும் வந்தது. விரலை அசைத்தாராம். அசைத்ததோடு பசிக்கிறது என்றும் சொன்னாராம்.

வருகைப் பதிவைக் கடைசியாகத்தான் ஓடவிட்டார் அக்கா. அன்றைக்கு அவருக்கு ஆதரவு கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கணவரை வழியனுப்பக் கீழே இறங்கிவந்தபோது ரொட்டி வண்டி பின்வாசலில் வெயிலில் நின்றிருந்தது. விசிறியை ஏற்றிக் கட்டிவிட்டு, ஓட்டுகிற இருக்கையிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார் அவர். வாய் லேசாகத் திறந்திருந்தது. கழுத்தில் வேர்வையும் மாவும் குழைந்து கோடுகோடாக இறங்கியிருந்தன. எழுப்பக் கையைக் கொண்டுபோன அக்கா நிறுத்திக்கொண்டார். மெக்கானிக் எறிந்துவிட்டுப் போன அட்டைப் பெட்டி ஒன்று காலருகே கிடந்தது. அதன் மூடியைக் கிழித்தெடுத்து, வண்டியின் ஜன்னல் வழியாகக் கணவரின் முகத்துக்கு நிதானமாக வீசத் தொடங்கினார். பின்னால் ஒரு வண்டி வழி கேட்டு ஹாரன் அடித்தது. அக்கா திரும்பி, உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். வீசுகிற கை நிற்கவில்லை.