முதுகுவலி என்று எழுத மறுத்தவள்

ஹெட்விகா, செக் நாட்டின் பிர்னோ நகரில் எங்கள் டிப்போவின் டிராம் ஓட்டுநர். இருபத்து நான்கு வருடத்தில் ஒரு காரின் கண்ணாடியைக்கூட உரசியதில்லை. அவளுக்கு மனச்சோர்வு நோய் இருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் சாகவில்லை, யாரும் விட்டுப் போகவில்லை. காரணமே இல்லாமல் வந்து ஏழு வருடம் தங்கிவிட்டது. மூன்று விதமான மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கம்தான் கூடியது. காலையில் ஷூ நாடாவைக் கட்டவே அரைமணி நேரம் ஆகுமாம். கட்டிக்கொண்டு வந்து எங்களிடம், "நல்லா இருக்கேன்" என்பாள்.

ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு மருத்துவமனை ஆய்வில் சேர்ந்தாள். வேறு மருந்துக்கு அசையாத மனச்சோர்வுக்கு, போதைக் காளானில் இருக்கும் சிலோசைபின் உதவுமா என்று பார்க்கும் ஆய்வு. பல நாள் பேசிப் பரிசோதித்த பிறகு, ஒரு மார்ச் மாதக் காலை பத்து மணிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்தாள். டாக்டர் இவோனாவும் ஒரு செவிலியரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அதைப் பற்றிப் பிறகு என்னிடம் சொன்னாள்: "முதல் ரெண்டு மணி நேரம் செத்துட்டேன்னே நெனச்சேன். இவோனா கையப் புடிச்சு நசுக்கிட்டேன். அப்புறம் ஒரே அழுகை. என்னத்துக்குன்னு கேக்காத, எனக்கே தெரியல. நாலு மணிக்கு எழுந்து பசிக்குதுன்னு சொன்னேன். பசி வந்து எத்தன வருஷம் ஆச்சு."

விடுப்பு முடிந்து வந்தவள், விடுப்புக்குக் காரணம் கேட்கும் படிவத்தில் நடந்ததை அப்படியே எழுதினாள். மேலாளர் ஸாப்லெதால் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். தொழிற்சங்கத்தின் சார்பில் நானும் உள்ளே இருந்தேன்.

"ஹெட்விகா, இதக் கிழிச்சுப் போட்டுடலாம். முதுகுவலின்னு எழுதுங்க. உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"என் முதுகு நல்லாத்தான் இருக்கு, சார்."

"போதைப்பொருள் சாப்பிட்டவங்க கையில வண்டிய ஏன் குடுத்தீங்கன்னு என்னைத்தான கேப்பாங்க?"

"கேட்டா என்னைக் கூப்பிடுங்க. ஏழு வருஷம் 'நல்லா இருக்கேன்'னு பொய் சொல்லியாச்சு. இப்பதான் நெசமாவே கொஞ்சம் நல்லா இருக்கேன். இப்பப் போய் பொய் சொல்லச் சொல்றீங்க."

படிவம், ஓட்டுநர்களின் தகுதியைப் பார்க்கும் மருத்துவக் குழுவுக்குப் போனது. முடிவு வரும்வரை வண்டி கிடையாது என்றார்கள். ஐந்து மாதம் டிராம்களைக் கழுவினாள். காரணம் டிப்போ முழுக்கத் தெரிந்துவிட, கேன்டீனில் காளான் சூப் போடும் நாளில் அவளைக் கிண்டல் செய்யாமல் விடமாட்டோம். "ஹெட்விகா, ரெண்டு கரண்டி போதும், மூணாவதுல பறந்துடப் போற" என்றது நான்தான்.

"நீ மொதல்ல உன் பீரக் குறைச்சுக்க. அதுக்கு எந்த டாக்டர் பக்கத்துல உக்காந்திருந்தார்?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு கிண்ணம் சூப் வாங்கிக்கொண்டு என் எதிரிலேயே வந்து உட்கார்ந்து குடித்தாள்.

குழுவில் மூன்று மருத்துவர்கள். அங்கேயும் சங்கத்தின் சார்பில் நான் கூட இருந்தேன். "இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

"தெரிஞ்சுது. மார்ச் மாசத்துல ஒரு நாள், பத்து மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும். ரெண்டு பேர் பக்கத்துலயே இருந்தாங்க. அதுக்கு முன்னாடி ஏழு வருஷம், இருக்கறத மட்டும்தான் பாத்தேன். எதிர்ல வர்ற வண்டியப் பாத்து, அது முன்னாடி போய் நின்னுட்டா எவ்வளவு சுலபம்னு தெனம் நெனச்சேன். அப்ப வருஷா வருஷம் ஓட்டலாம்னு எழுதிக் குடுத்தீங்க. எதப் பாத்து பயப்படறீங்கன்னு எனக்குப் புரியல, டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது: ஓட்டலாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு வரவேண்டும்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அடுத்த குளிர்காலத்தில் மனச்சோர்வு திரும்ப வந்தது, முன்பு இருந்ததில் பாதி. ஆய்வு முடிந்துவிட்டதால் அந்த மருந்தை மறுபடி கொடுக்க வழியில்லை. மேலாளர் ஸாப்லெதால் வருத்தத்தோடுதான், "அவ்வளவு சண்டையும் வீணாப் போச்சா?" என்று கேட்டார்.

"வீணா? பத்து மாசம் வாழ்ந்திருக்கேன், சார். அதக் கணக்குல சேக்க மாட்டீங்களா?"

இந்த முறை அவள் ஒளிக்கவில்லை. வராத நாளில் போனை எடுத்து, "இன்னிக்கு முடியல, மனசு சரியில்ல" என்று காரணத்தைச் சொன்னாள். இவோனாவிடம் பேசப் போனாள். தொழிற்சங்கப் பத்திரிகையில் தன் பெயரும் படமும் போட்டு எல்லாவற்றையும் எழுதினாள். அதைப் படித்துவிட்டு மூன்று பேர் தனித்தனியாக வந்து அவளிடம் மருத்துவமனையின் எண்ணைக் கேட்டார்கள். இரண்டாவது ஆள் நான்.

அவள் சிரிக்கவில்லை. சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்து நடந்த ஆய்வில் என்னைச் சேர்க்கவில்லை, இரத்த அழுத்தம் அதிகம் என்றார்கள். அப்படியே விட்டுவிடலாம் என்றிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை பணி முடிந்ததும் என்னைச் சாதாரண மனநல மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் தயங்கினேன்.

"கதவ நீ தட்டறியா, நான் தட்டட்டா?" என்றாள்.

நானே தட்டினேன்.