கழற்றிவைத்த பழைய கருவி

பிக்கரிங் நகருக்கு வடக்கே, விமானங்களுக்கு வழிகாட்டும் தரை வானொலி நிலையமொன்றைப் பராமரிப்பது அப்போது என் வேலை. சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருந்த, மல்வேர்னில் வசித்த நண்பர், செய்மதி மூலம் வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவி வாங்கியதும், எங்கள் கம்பத்தின் அலையை வாங்கும் பழைய கருவியைக் கழற்றிவிட்டார்.

"உங்கட கம்பத்துக்கு இனி பென்ஷன்தான், அண்ணை," என்று சிரித்தார்.

அந்த நவம்பரில் ஒரு பகல், முகிலுக்குள் பறக்கையில் செய்மதிக் கருவி நின்றுவிட்டதென்று அவர் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு வானொலியில் அறிவித்தார். பிறகு குரல் வரவில்லை. விமானத்தை ஏரியில் கண்டெடுத்தார்கள்.

செத்தவீட்டில் அவருடைய மனைவி என்னிடம் வந்தார்.

"அண்ணை, அண்டைக்கு உங்கட நிலையம் வேலை செய்ததே?"

பழுதென்று சொல்லியிருந்தால் அவருடைய கோபம் என் மேலேயே போயிருக்கும். ஆனால் அன்று பகல் முழுதும் நான் அங்கேதான் நின்றேன்.

"ஓம் தங்கச்சி. நிக்காமல் வேலை செய்தது."

அவர் கணவரின் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு கருவியையும் ஏன் காவிக்கொண்டு பறக்கிறியள், பழசைக் கழட்டுங்கோ எண்டு அவருக்கு நான்தான் சொன்னனான்."