பக்கத்தில் ஓடிய தடம்

பெகிமாய்க்குக் கதை கட்டத் தெரியாது. கோபப்படத்தான் தெரியும். அதனால்தான் அவள் சொன்னதை மலையடிவார ஊரான கராகோலில் யாரும் மறுத்துப் பேசவில்லை. நடந்ததை அப்படியே சொல்கிறேன். நம்புவது உங்கள் பாடு.

ஏப்ரல் மாதம். பெகிமாயும், அவளுக்கு நிச்சயமாகியிருந்த உர்மத்தும் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு விடியலிலேயே கணவாய்க்கு ஏறினார்கள். இருவருமே மலை வழிகாட்டிகள். வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பியாயிற்று, இனி மலை அவர்களுக்குத்தான். ஆனாலும் பெகிமாய்க்கு நிம்மதியில்லை. குளிர்காலம் முழுக்க உர்மத்தோடு மலையேறிய ஒரு போலந்துக்காரியின் சிரிப்பு இன்னும் அவள் காதைக் குடைந்துகொண்டிருந்தது.

காடு முடியும் இடத்தில் அவள் கட்டையின் அடித்தோல் ஈரத்தில் கழன்றுகொண்டது. வழுக்காமல் ஏற அதுதான் பிடி.

"நீ போ. ஒட்டிட்டு வர்றேன்."

"சீக்கிரம் வா, ஆமை!"

அவன் வளைவில் மறைந்தான்.

தோலை ஒட்டிக்கொண்டு அவளும் ஏறினாள். முந்தின நாள் விழுந்த புதுப்பனி. அதில் உர்மத்தின் தடம்... அதை ஒட்டியே இன்னொரு தடம். மெலிந்த தடம். கோல் ஊன்றிய குழிகள்கூட அவன் குழிகளோடு உரசிக்கொண்டு போயின.

மேலே எங்கோ ஒரு பெண் சிரித்தாள்.

அந்தப் போலந்துக்காரி ஊருக்குப் போகவே இல்லையா? பெகிமாய் மூச்சு வாங்கக்கூட நிற்காமல் ஏறினாள்.

மறுபடி சிரிப்பு. இன்னும் பக்கத்தில்.

கணவாயில் உர்மத் மட்டும்தான் இருந்தான். தோலை உரித்துச் சுருட்டிவிட்டு, இறங்கத் தயாராக நின்றான். மெலிந்த தடம் அவனைத் தாண்டி வடக்குச் சரிவில் இறங்கியிருந்தது.

"எங்கடா அவ?"

"எவ?"

"நடிக்காத. உன்கூட இளிச்சுக்கிட்டு வந்தாளே!"

அவன் அவளைப் பார்த்தான். சரிவைப் பார்த்தான். மறுபடி அவளை. முகம் வெளுத்துவிட்டது.

"நீதானே வந்த... வளைவு தாண்டினதுமே என்கூட வந்து சேர்ந்துட்டியே..."

காற்று நின்றிருந்தது.

"இப்பதானே இந்தப் பக்கம் இறங்கின... 'பின்னாடியே வா'ன்னு சொன்னியே..."

சரிவின் அடியிலிருந்து ஒரு குரல்.

"உர்மத்... வா..."

பெகிமாயின் குரல்.

அவள் அவன் கையைப் பற்றி இழுத்தாள். வந்த வழியே இறங்கினார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

பாதி மலையில்... தொம்!

வடக்குச் சரிவின் பனி மொத்தமாகப் பெயர்ந்து விழுந்திருந்தது.

கோடையில் கல்யாணம் முடிந்தது. அந்த நாளைப் பற்றி இருவரும் தங்களுக்குள் வாய் திறக்கவில்லை. ஒரு மாலை பெகிமாயால் பொறுக்க முடியவில்லை.

"அன்னிக்கு வழியெல்லாம் அவ உன்கிட்ட என்னதான் பேசினா?"

உர்மத் தேநீர்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சும்மா சும்மா திரும்பிப் பாத்தா. 'கீழ ஒருத்தி உன்னையே தொடர்ந்து வர்றாளே, யாரு அவ?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா."

"நீ என்ன சொன்ன?"

அவன் நிமிரவில்லை.

"'எவளோ ஒருத்தி... நமக்கென்ன, நீ வா'ன்னு சொன்னேன்."