சத்தம் வராமல் திருப்புகிறவர்

மருந்துக்கடைக்காரர் பகலெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுப்பார். செவ்வாயும் வெள்ளியும் மாலையில் வயலினைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த வட்டாரத்தில் ஒரு சிம்பொனியை நேரில் கேட்க வேண்டுமென்றால் அவரும் இன்னும் நாற்பது பேரும் சேர்ந்த ஆர்கெஸ்ட்ராவை விட்டால் வேறு நாதியில்லை. தபால்காரர் டிரம்பெட் ஊதுவார், பல் டாக்டர் டிரம்ஸைப் போட்டு வெளுப்பார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கச்சேரியன்று மண்டபத்தில் நிற்கக்கூட இடம் இருக்காது.

அங்கே இரண்டு வயலினுக்கு இசைத்தாள் வைக்க ஒரே ஸ்டாண்டு. கூட்டத்தின் பக்கம் இருக்கும் வெளிநாற்காலிக்காரர் நிறுத்தாமல் வாசிப்பார். உள்நாற்காலிக்காரர், பக்கம் முடியும்போது வயலின் வில்லை இறக்கித் தாளைத் திருப்ப வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக வெளியே மருந்துக்கடைக்காரரின் மனைவி டீச்சர், உள்ளே இவர். வீட்டிலும் இதே ஏற்பாடுதான் என்று மற்றவர்கள் கிண்டலடிப்பார்கள். இவரும் சேர்ந்து சிரிப்பார்.

காய்ச்சல் என்று படுத்த டீச்சர் எழுந்திருக்கவேயில்லை.

அவள் நினைவாக, அவளுக்கு உயிரான சிம்பொனியையே வாசிப்பது என்று முடிவானது. அதில் ஓரிடத்தில் மொத்தக் குழுவும் அடங்கிவிட, அந்த வெளிநாற்காலி மட்டும் தனியாக ஒன்றரை வரி வாசிக்கும். பக்கத்தின் கடைசி ஒன்றரை வரி.

ஒத்திகையில் இவர் வெளிநாற்காலிக்கு வந்தார். உள்ளே, குழுவில் வயலின் வாசிக்கும் ஒரு நர்ஸ். அந்த இடம் வந்ததும் இவர் கை வாசிப்பை விட்டுவிட்டுத் தானாகத் தாளுக்குப் போனது. நர்ஸின் கையோடு முட்டியது. மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடியும் அதே கதை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இத வேற யார்கிட்டயாவது குடுத்துடலாமா?" என்றார் குழுவை நடத்துகிறவர்.

"வேண்டாங்க. அது அவ இடம். நானே வாசிக்கிறேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் உட்கார்ந்து, டீச்சர் வாசித்த அந்த வரி எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தார். துளிகூட நினைவுக்கு வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்தவருக்கு! எடுத்து வந்திருந்த தாளின் மூலையில் பென்சிலில் டீச்சரின் குண்டுக் கையெழுத்து: 'சத்தம் வராம திருப்புங்க.' ஒருதடவை தாள் சரசரத்து அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர், அன்றிலிருந்து அந்த இடத்தில் காகிதத்துக்கு மட்டும்தான் காது கொடுத்திருந்தார். அவமானமாக இருந்தது. அழுதார். பிறகு ஒவ்வொரு சுரமாக, புதிதாகப் படிக்கிறவரைப்போல் பழகினார்.

கச்சேரியன்று அந்த இடம் வந்தது. மண்டபமே அடங்கியது. நர்ஸின் விரல் தாளின் மூலைக்குப் போனது. இவர் கை வில்லை விடவில்லை. ஒன்றரை வரியும் நிதானமாக, முழுசாக வந்தது.

முடிந்து எல்லோரும் எழுந்து நின்றபோது நர்ஸ் பயந்துகொண்டே கேட்டாள்: "டீச்சர் எழுதி வச்சிருந்தத பாத்தேன் சார். நான் திருப்பினப்ப சத்தம் வந்துச்சா?"

"கவனிக்கலம்மா" என்றார். "இன்னிக்குத்தான் அவ வாசிச்சத கேட்டேன்."