இரண்டு செதில்களுக்கு ஒரு பெயர்

நெரவிக் குளத்துத் தண்ணீரில் பொன்னிறமாக ஓர் உயிர் நீந்துகிறது. ஒற்றைச் செல். சாதாரண நுண்ணோக்கியில் அது உருளும் ஒரு புள்ளி, அவ்வளவுதான். அதன் உடம்பைப் போர்த்தியிருக்கும் சிலிக்கா செதில்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் எந்த இனம் என்று சொல்ல முடியும். காரைக்காலில் எங்கள் கல்லூரியில் அந்தக் கருவி கிடையாது. ஒரு சொட்டை உலரவைத்து வெளியூருக்கு அனுப்புவோம், படங்கள் வரும். உலரும்போது செல் உடைந்து செதில்கள் சிதறிவிடும். மாணவர்களை இது பற்றி நானே எச்சரித்திருக்கிறேன்.

நெரவித் தண்ணீருக்கு வந்த படத்தில் முள் வைத்த பெரிய செதில்களும் வழவழப்பான சின்னச் செதில்களும் அருகருகே கிடந்தன. இரண்டும் சேர்ந்த இனம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. புது இனம் என்று முடிவு கட்டிவிட்டேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தண்ணீர் எடுத்து வந்தவர் என்னுடன் படித்த தோழி. நான் நிரந்தர ஆசிரியர், அவர் அதே துறையில் ஒப்பந்த ஆசிரியை. முனைவர் பட்டம் வாங்கினால்தான் அவருக்கு வேலை நிலைக்கும். அவருடைய ஆய்வு முழுவதும் அந்தக் குளத்தைப் பற்றியதுதான்.

"முழு செல்லு ஒண்ணுகூடப் படத்துல இல்லீங்களே சார். ரெண்டு உசுரோட செதிலா இருந்தா?" என்று மெதுவாகக் கேட்டார். துறையில் எல்லோரும் இருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"நீங்க தண்ணி எடுத்தா போதும். பேரு நான் வச்சுக்கிறேன்."

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

புது இனம் என்றே கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். முழு செல்லின் படம் எங்கே என்று இதழிலிருந்து கேள்வி வந்தது. வேறு வழியில்லாமல் அவரிடம் போய் நின்றேன். அவர் எப்போதோ செல்களை ஒவ்வொன்றாக மெல்லிய கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி, தனித்தனியாக உலரவைத்து, படமும் வாங்கி வைத்திருந்தார். முள் செதில் ஓர் இனம், வழவழப்பானது வேறொன்று. இரண்டுக்கும் முன்பே பெயர் உண்டு.

கட்டுரையைத் திரும்பப் பெறக் காரணம் எழுத வேண்டும். அவசரப்பட்டுவிட்டேன் என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரி எனக்கு வரவில்லை. மாதிரி சேகரித்தவரின் கவனக்குறைவால் இரண்டு குளத்து நீர் கலந்துவிட்டது என்று எழுதினேன். பச்சைப் பொய். கட்டுரையில் அவருடைய ஆய்வு வழிகாட்டியின் பெயரும் இருந்ததால் கடிதத்தின் நகல் அங்கேயும் போகும். தண்ணீரே நம்பத்தகாதது என்றால் அவருடைய ஆய்வேட்டில் என்ன மிஞ்சும்? எனக்கு அது தெரியும்.

துறையின் மின்னஞ்சல்களை அனுப்புவதும் ஒப்பந்த ஆசிரியையின் தலையில்தான் கட்டப்பட்டிருந்தது. கணினி முன் உட்கார்ந்து என் கடிதத்தை முழுவதும் படித்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"அனுப்பிடவா சார்?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. அவர் காத்திருந்தார்.

"அனுப்புங்க" என்றேன்.