பிஸ்கட் டின்னில் இருந்த ஈஸ்ட்

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். மலாக்காவில் பெம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் என் அப்பாவும் அம்மாவும். நான் ஆராய்ந்தது ஈஸ்ட். ரொட்டி மாவை உப்ப வைக்கும் அதே ஈஸ்ட்தான்.

அதை வைத்து என்ன செய்கிறேன் என்று அம்மா ஒருமுறை கேட்டார்.

"பட்டினி போடுறேன்மா."

"ஐயோ, ஏன்டி?"

"பட்டினி கெடந்தா அது தன்னையே கொஞ்சம் தின்னும். உள்ள இருக்குறதை ஒரு பையில கட்டி, வயிறு மாதிரி ஒரு எடத்துக்கு அனுப்பி, கரைச்சு, திரும்பவும் எடுத்துக்கும். எப்படி அனுப்புதுன்னுதான் பாக்குறேன்."

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே லா," என்றார் அம்மா.

அப்படி அனுப்பத் தெரியாத ஈஸ்ட் வகைகள் சிலவற்றைத் தேடிப் பிடித்திருந்தேன். எந்தப் புரதம் பழுதானதால் அந்தப் பை உருவாகவில்லை, சரக்கு ஏன் போய்ச் சேரவில்லை என்பதை அவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். ஆயிரக்கணக்கான ஈஸ்ட் புள்ளிகளை உருப்பெருக்கியில் பார்த்துப் பார்த்துக் கிடைத்தவை அவை. போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு நீண்ட விடுமுறையில் எங்கள் கட்டடத்து மின்கம்பிகளை மாற்றப்போவதாகச் சொன்னார்கள். என் பேராசிரியர் எச்சரிக்கையான சீனர். அந்த வகைகளில் ஒரு செட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்க் குளிரில் வைக்கச் சொன்னார். சிறு கண்ணாடிக் குழாய்களில் அகார்-அகார் என்ற கடற்பாசி ஜெல்லியின் மேல் வளர்ந்திருந்த ஈஸ்ட்டைத் துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அம்மா தன் ஐஸ் பெட்டியின் கீழ்த் தட்டை ஒழித்துக் கொடுத்தார்.

"திறக்காதீங்கம்மா. உள்ள உசுரு இருக்கு."

கம்பி வேலை முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. டின் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சில மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆய்வுக்கூடத்தின் குளிர்பதன அறையில் தீப்பிடித்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் ஈஸ்ட் இருந்த பெட்டிகள் எல்லாம் கருகி உருகிப் போயின. பேராசிரியர் கரி படிந்த வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"நீ வீட்டுக்கு எடுத்துப்போன செட்?"

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். பெம்பான் வந்து சேரும்போது மதியம். செருப்பைக் கழற்றிய கையோடு அடுப்படிக்குப் போனேன். அங்கே வேறொரு ஐஸ் பெட்டி நின்றது, புதிதாக.

அம்மா முகம் மாறியது. "பழசு கெட்டுப் போச்சும்மா. மீனு, கறி எல்லாம் நாறிப் போச்சு. ஒன் டின்னை நான் வீசல. அன்னைக்கே பக்கத்து வீட்டு அத்தைகிட்ட குடுத்து வச்சேன்."

பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். கதவில் பூட்டு.

"அவங்கதான் போன மாசம் சுங்கை ஊடாங்குக்கு மாறிட்டாங்களே," அம்மா பின்னாலேயே வந்து சொன்னார். "மாமாவுக்கு அந்த எண்ணெய்க் கம்பெனி பக்கம் வேலை கெடச்சிருக்கு. போற அவசரத்துல நானும் மறந்துட்டேன், அவங்களும் ஒண்ணும் சொல்லல."

அந்த வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீடு மாறும்போது பெட்டியைக் காலி செய்யாமலா மாறுவார்கள்? அப்பா மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளி மிதித்தார்.

"ஏறு."

வழி முழுக்க அப்பாவின் சட்டையைப் பிடித்தபடி வந்தேன். மலாக்கா டவுனைத் தாண்டும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த வெயிலில்தானே லாரியில் சாமான் ஏற்றியிருப்பார்கள் என்ற நினைப்பே மறுபடி மறுபடி வந்தது. சுங்கை ஊடாங்கில் இரண்டு தாமான் குடியிருப்புகளைச் சுற்றி விசாரித்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தோம்.

அத்தை கதவைத் திறந்து, "வாங்கண்ணே! வாம்மா! என்ன இப்படிக் கருத்துப் போயிட்ட?" என்றார்.

"அத்தை, அந்த டின்னு..."

"இருக்குலா. மொதல்ல தண்ணி குடி."

அவரே உள்ளே போய் எடுத்து வந்தார். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையும் கட்டியிருந்தார். டின் சில்லென்று இருந்தது.

"லாரியில போட்டா வெந்துடும்னு ஒங்க மாமாதான் சொன்னாரு. கடலோரம் உம்பாய்க்கு மீன் வாங்கப் போவாரே, அந்தப் பொட்டியில ஐஸ் போட்டு, நடுவுல இதை வச்சு, நான் மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன். ஒங்கம்மா உசுரு இருக்குன்னு சொல்லிக் குடுத்தாங்க. பின்ன எப்படிம்மா வுட்டுட்டு வர்றது?"

அத்தை தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். "என்னடி இது, மருந்தா?" என்று அவர் பயந்துபோய்க் கேட்டார். அப்பாதான், "படிப்பு" என்று ஒரே சொல்லில் பதில் சொன்னார்.

ஆனாலும் உயிர் இருக்கிறதா என்பது வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். வேறொரு துறையில் இடம் கேட்டு, ஒவ்வொரு குழாயிலிருந்தும் துளி எடுத்துப் புதிய அகாரில் கோடாகத் தடவி வைத்தேன். ஓரிரண்டு குழாய்கள் செத்துப் போயிருந்தன. மற்ற எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளிகள் எழும்பி வந்தன. அவற்றைப் பட்டினி போட்டு, கரைப்பதை மட்டும் ஒரு மருந்தால் தடுத்து, உருப்பெருக்கியில் வைத்தேன். சாதாரண ஈஸ்ட்டில் வயிறு மாதிரியான அந்த இடத்துக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் துள்ளிக்கொண்டிருந்தன. சரக்கு வந்து சேர்ந்திருக்கிறது. என் பழுதான வகைகளில் அந்த இடம் வெறுமையாக, தெளிந்த தண்ணீர் மாதிரி கிடந்தது. ஒரு வெறுமையைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான். பேராசிரியர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கீழே இறங்கிப் பொதுத் தொலைபேசியில் சுங்கை ஊடாங்குக்குக் கூப்பிட்டேன்.

"பொழச்சிருச்சா?" என்றார் அத்தை.

"பொழச்சிருச்சு அத்தை."

"அப்பாடா! இனிமே அதுங்களுக்கு ஒழுங்காச் சோறு போடு," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.